பாத்திரத்தில் பேர் வெட்டப் பழகலாம்: கையால் உலோகம் செதுக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா கிடக்கிறது. அதன் விளிம்புக்குக் கீழே பாட்டியின் பேரும் ஊரும் புள்ளி புள்ளியாக ஓடும். கடை வாசலில் சின்னச் சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் டக்டக்கென்று தட்டி வெட்டியது. விசேஷ வீட்டில் கைமாறிய பாத்திரம் யாருடையது என்ற பஞ்சாயத்தை இன்றும் அந்தப் புள்ளிகள்தான் தீர்த்து வைக்கின்றன. கீழடியில் கிடைத்த பானை ஓட்டிலும் ‘ஆதன்’ என்று பேர் கீறியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் பக்கத்துப் பழக்கம் மாறவில்லை.

இப்போது பாத்திரக்கடைகளில் கரண்டு மெஷின் ‘கிர்ர்’ என்று அரை நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின் எழுத்து தகட்டின் மேலே உராய்ந்த தடம். உளியால் செதுக்கிய எழுத்துக்குப் பள்ளம் உண்டு, அந்தப் பள்ளத்துக்குள் வெளிச்சம் விழும். அதைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். மதுரைத் தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்துப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கற்றதும், வீட்டில் தகடு தகடாகப் பாழாக்கிக் கற்றதும் இதில் கலந்திருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உலோகத்தில் கைவேலை மூன்று விதம். நகாசு வேலையில் உலோகம் குறையாது. தட்டித் தட்டி மேடு பள்ளம் எழுப்புவார்கள். சுத்தியலால் உளியின் தலையில் தட்டி வெட்டுவது இரண்டாவது, அண்டாவில் இருப்பது அதுதான். உள்ளங்கையால் உளியைத் தள்ளி, உலோகத்தைச் சுருளாகச் சீவி எடுப்பது மூன்றாவது. நான் சொல்லப்போவது இந்த மூன்றாவதை. சத்தம் வராது, கரண்டு வேண்டாம், அபார்ட்மென்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூடச் செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

உளிக்கு லேத் பட்டறையில் புழங்கும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், அதாவது இரும்பை வெட்டும் எஃகுத் துண்டு போதும். அரைக்கால் இஞ்ச் சதுரத்தில் கேளுங்கள். கே.புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் தெரிந்த லேத்காரர் இருந்தால் தேய்ந்துபோனதைச் சும்மாவே கொடுப்பார். பழைய அரத்தைத் தேய்த்தும் உளி செய்யலாம். ஆனால் கிரைண்டரில் பிடிக்கும்போது அது நீலம் பாய்ந்தால் சூடு இறங்கி இளகிவிடும், நுனி நிற்காது. ஹெச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டுக்கெல்லாம் அசராது.

பிடி காளான் வடிவத்தில் இருக்க வேண்டும். மேசை டிராயருக்குப் போடும் மரக்குமிழ் கச்சிதமாகப் பொருந்தும். அதன் அடிப்பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவிவிடுங்கள்; இல்லாவிட்டால் தகட்டின் மேல் உளியைப் படுக்க வைக்கும்போது குமிழ் இடிக்கும். குமிழ் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்க, உளியின் நுனி கட்டைவிரலுக்கு வெளியே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் நீளம் சரி. அதற்கு மேல் நீண்டால் கை ஆடும்.

தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். வெளிச்சம் நேராக விழுந்தால் தகடு கண்ணைக் கூசும், எல்.இ.டி. விளக்கின் முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரை ஒட்டிவிட்டால் கூச்சம் போய்விடும். காற்றில் ஓடும் கைக்கருவிகள், தகட்டைக் கவ்விக்கொண்டு எந்தப் பக்கமும் சுழலும் பந்து வைஸ் என்று வெளிநாட்டுச் சாமான்கள் வீடியோக்களில் ஆசை காட்டும். முதல் வருஷத்தில் எதையும் வாங்காதீர்கள். அந்தக் காசுக்குத் தகடு வாங்கினால் கை தேறும்.

தீட்டுவதுதான் பாதி வித்தை

பட்டறையில் முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் ஒரு கோடுகூட வெட்டவில்லை. ஆசாரியை அங்கே எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். வாங்கிப்போன பித்தளைத் தகட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, “தம்பி, வெட்டுறதுக்கு முன்னாடி தீட்டக் கத்துக்க. உளி சரியில்லன்னா உங்கை என்ன பண்ணும், பாவம்” என்றார். “சரிண்ணே” என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எரிச்சல்தான். இப்போது என்னிடம் யாராவது கேட்டு வந்தால் நானும் அதையேதான் சொல்கிறேன்.

சதுரப் பிட்டின் ஒரு முனை கீழே வரும்படி, அதாவது வைரக்கட்டம் போலப் பிடியுங்கள். கீழே வரும் அந்த முனைதான் உலோகத்தில் வாய்க்கால் வெட்டப்போவது. இப்போது பிட்டின் நுனியை மேல் முனையிலிருந்து கீழ் முனைக்குச் சரிவாக, 45 டிகிரியில் தேய்க்க வேண்டும். இதை முகம் என்று வைத்துக்கொள்வோம். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் கிடைப்பதுதான் 45. அதை மரக்கட்டையின் மேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே ஓட்டை போட்டு, பிட்டைச் செருகி ஒரு திருகாணியால் இறுக்குங்கள். கட்டையும் பிட்டின் நுனியும் சேர்ந்து உப்புத்தாளின் மேல் உரசும்படி இழுத்தால் கோணம் தானாக வரும். உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். மரப்பலகை சமமாக இருக்காது.

அடுத்தது பலர் விட்டுவிடுவது: நுனியின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிப் பட்டை. இது இல்லாமல் உளியை வைத்தால் ஒன்று வழுக்கும், இல்லையென்றால் ஆழமாகக் குத்தி அங்கேயே நின்றுவிடும். உளியின் அடிப்பக்கச் சுவர் ஒன்றை உப்புத்தாளில் படுக்கவைத்து, பிடிப் பக்கத்தை 15 டிகிரி தூக்கி நாலைந்து முறை இழுக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கருவி எதுவும் தேவையில்லை. 10 செ.மீ. நீளத்துக்கு 2.7 செ.மீ. உயரமான மர ஆப்பு ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டால் போதும், அந்தச் சரிவு 15 டிகிரிதான். ஒரு பக்கம் ஆறு இழுப்பு என்றால் மறுபக்கமும் ஆறே ஆறு. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் கையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டையின் நீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நான் ஆரம்பத்தில் இரண்டு மில்லிமீட்டர் வைத்திருந்தேன். நேர்கோடு நன்றாகத்தான் வந்தது. வளைவு வெட்டும்போது மட்டும் பள்ளத்தின் வெளிக்கரை முழுக்கச் சிராய்த்தது போல ஆனது. நீண்ட பட்டை வளைவில் திரும்ப முடியாமல் கரையை உரசுகிறது என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

உப்புத்தாள் 400, பிறகு 1000, கடைசியாக 2000. அதோடு நிறுத்தாமல் பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்பான பக்கத்தில் பச்சை ரூஜ் என்னும் மெருகுப் பசையைத் தடவி, முகத்தையும் இரண்டு பட்டையையும் நாலு இழுப்பு மட்டும் இழுங்கள். பட்டை கண்ணாடி போல இருந்தால் வெட்டிய பள்ளமும் கண்ணாடி போல மின்னும். பட்டையில் கீறல் இருந்தால் அந்தக் கீறல் பள்ளம் முழுக்க ஓடும். ஆனால் பெல்ட்டில் அதிகம் இழுத்தால் நுனி உருண்டுவிடும்.

சோதனை எளிது. கட்டைவிரல் நகத்தின் மேல் உளியைச் சாய்த்து லேசாக வையுங்கள். அழுத்தாமலே நகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மறுபடி கண்ணாடித் துண்டுக்குப் போங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு மின்னினாலும் மழுங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். கூரான நுனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும்.

தகட்டை எதில் உட்கார வைப்பது

கனமான இரும்புச்சட்டி ஒன்றை எடுத்து, பாதிவரை சிமெண்ட் கலவை போட்டுக் காயவிடுங்கள். மேல் பாதிக்குக் குங்கிலியமும் சலித்த செங்கல் பொடியும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி, கொஞ்சம் எண்ணெய். குங்கிலியம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். சிறுதீயில் குங்கிலியத்தை இளக்கி, எண்ணெய் விட்டு, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். இதை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். புகை வரும், கவனம் தப்பினால் தீப்பிடிக்கும். அதோடு அந்த வாடை மூன்று நாள் சாம்பாரில் இருக்கும். மொட்டைமாடியும் பழைய ஸ்டவ்வும் உத்தமம். சித்திரை வெயிலுக்கு எண்ணெயைக் குறைக்க வேண்டும். மார்கழிக்குச் செய்த என் முதல் கலவை மே மாதத்தில் தகட்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

சட்டியைச் சும்மாட்டின் மேல் வையுங்கள். தண்ணீர்க்குடம் சுமக்கத் தலையில் வைப்பார்களே, அதே சும்மாடுதான். பழைய வேட்டியைச் சுருட்டினால் ஆயிற்று. உருண்டையான அடி அதன் மேல் எந்தப் பக்கமும் சாயும், சுழலும், ஆனால் வழுக்கி ஓடாது. பந்து வைஸ் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். கலவையின் மேல்பரப்பை லேசாகச் சூடுகாட்டி இளக்கி, தகட்டை அழுத்தி, விளிம்பில் கொஞ்சம் ஏறி வரும்படி ஆறவிட்டால் அசையாது. எடுக்கும்போது மறுபடி லேசாகச் சூடு. ஒட்டியதை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

தகடு

பழக 18 கேஜ் பித்தளைத் தகடு, சுமார் 1.2 மி.மீ. கனம். உளி கூராக இருந்தால் பித்தளை சுத்தமாகச் சுருண்டு வரும், தப்பு செய்தால் தப்பு அப்படியே தெரியும். செம்பு மென்மையானதுதான், ஆனால் பிசுபிசுவென்று உளியை இழுக்கும். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு பத்து ஏடு. செம்பில் ஒரு வரி வெட்டிப் பார்த்தபிறகு அந்தப் பத்து ஏட்டை நினைத்தால் வெட்டியவர் மேல் தனி மரியாதை வரும். வெள்ளி வெண்ணெய், ஆனால் விலை. எவர்சில்வரை ஆறு மாசத்துக்குத் தொடாதீர்கள். உளி பட்ட இடம் மேலும் இறுகும், நுனி உடையும்.

தகட்டை உப்புத்தாளால் ஒரே திசையில் தேயுங்கள், கண்ணாடி மெருகு வேண்டாம். கோடு வரைய, வெள்ளை போஸ்டர் கலரை விரலால் மெல்லிசாக ஒற்றி எடுத்துக் காயவிட்டு, பென்சிலால் எழுதி, ஊசியால் லேசாகக் கீறிக்கொள்ளலாம். நான் ஒருநாள் கலர் தீர்ந்துபோய் விபூதியைக் குழைத்துத் தடவினேன். எழுதத்தான் வந்தது, கை பட்டதும் உதிர்ந்துவிட்டது.

முதல் கோடு

உட்காரும்போது சட்டி நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றட்டும். குமிழ் உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் உளியின் மேல், கட்டைவிரல் உளியை ஒட்டித் தகட்டில். இந்தக் கட்டைவிரல்தான் வழிகாட்டி, பிரேக்கும் அதுவே. உளி கட்டைவிரலை உரசிக்கொண்டு நகர வேண்டும், கட்டைவிரல் தகட்டைவிட்டு எழும்பக்கூடாது.

இடது கை எப்போதும் நுனிக்குப் பின்னால். இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வழுக்கும் உளி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு இரண்டாவது மாதத்தில் வந்தது, கூடவே ஒரு டி.டி. ஊசியும். சீவிய துகளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் ஏறும். பழைய பெயின்ட் பிரஷ் இருக்கட்டும்.

பட்டை சரியாக அமைந்த உளி தகட்டின் மேல் சுமார் 20 டிகிரி நிமிர்ந்து நிற்கும். கோட்டின் ஆரம்பத்தில் பிடியைக் கொஞ்சம் தூக்குங்கள், நுனி கவ்வும். கவ்வியதும் பழைய உயரத்துக்கு இறக்கித் தள்ளுங்கள். முடிக்கும் இடத்தில் பிடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் பள்ளம் மெலிந்து நுனி தானாக வெளியே வரும். அங்கே பிடியைத் தூக்கி நெம்பினால் நுனி ஒடிந்து உள்ளேயே நிற்கும். நான் ஒடித்த நுனிகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஐம்பது கோடு, ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர். நீளத்தை ஒரே மூச்சில் தள்ள வேண்டாம். அரை சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, உளியை எடுக்காமலே மறுபடி தள்ளலாம். அழுத்தம் விரலிலிருந்து வந்தால் பத்தாவது கோட்டில் கை நடுங்கும். தோளிலிருந்து வர வேண்டும். ஐம்பதும் ஒரே ஆழம், ஒரே அகலம் என்று வரும்வரை எழுத்துக்குப் போகாதீர்கள். எனக்குத் தினம் முக்கால் மணி நேரம் வீதம் மூன்று வாரம் ஆனது. கோட்டின் இரு கரையிலும் பிசிறு எழும்பினால் உளி மழுங்கல்.

வளைவுக்கு ஒரே விதிதான், அதைப் பட்டறையில் நாளொன்றுக்கு இருபது தடவை கேட்டிருப்பேன்: “உளியத் திருப்பாத, தகட்டத் திருப்பு.” வலது கை முன்னே தள்ள மட்டும், வட்டம் போடுவது சும்மாட்டின் மேலுள்ள சட்டியைச் சுழற்றும் இடது கை. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். சட்டி முந்தினால் வட்டம் சுருங்கும், உளி முந்தினால் கோணலாகும். நத்தைச் சுருள் வெட்டிப் பழகுங்கள், வெளியிலிருந்து உள்ளே.

எழுத்துக்கு வரிசை வேறு

அ, ஆ என்று ஆரம்பிக்காதீர்கள். உளிக்கு அரிச்சுவடி வேறு. முதலில் ட, ப. நேர்கோடுகள், மூலைகள், அவ்வளவுதான். மூலையில் ஒரு கோட்டை முழுதாக முடித்துவிட்டு, அடுத்ததை வெளியிலிருந்து அதில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உளியை மூலையில் வைத்துத் திருப்பினால் அங்கே குழி விழும். அடுத்து ர, ச, க. பிறகு அரைவளைவு வரும் ய, ம, ழ. சுழி வரும் வ, ல, ன அதற்கும் பிறகு. ண, இ, ஐ மூன்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ண-வின் சுழிகளுக்குச் சட்டி சுற்றிச் சுற்றி வர வேண்டும், பாதியில் எந்தப் பக்கம் மேல் என்றே மறந்துபோகும்.

ஒருநாள் மாங்குளம் குகைக்குப் போய்ப் பாருங்கள். கி.மு. காலத்துத் தமிழி எழுத்து, நெடுஞ்செழியன் பேர் வரும் கல்வெட்டு, பெரும்பாலும் நேர்கோடு. அடுத்த வாரம் கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியிலுள்ள வட்டெழுத்தைப் பாருங்கள், எல்லாம் வளைவு. வேள்விக்குடி ஏடுகளின் தமிழ்ப் பகுதியும் வட்டெழுத்துதான். உளி பிடித்தவன் கண்ணுக்கு முதலாவது சுலபம், இரண்டாவது பெருமூச்சு.

எழுத்தின் உயரம் ஆரம்பத்தில் 8 மி.மீ. அதற்குக் கீழே போனால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மேலும் கீழும் இரண்டு கோடு கீறிக்கொண்டு அதற்குள் எழுதுங்கள். கொக்கியும் கொம்பும் வெளியே நீள இடம் விடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு உளியின் நுனியை ஊன்றி, சட்டியை மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் உருண்டையான குழி விழும். பழைய கல்வெட்டிலும் ஏட்டிலும் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நமக்கு அந்தச் சலுகை கிடையாது, பாத்திரக்காரர் விடமாட்டார்.

கோடு அகலமாக வேண்டுமானால் ஒரே தடவையில் ஆழமாகத் தள்ளாதீர்கள். மெல்லிசாக ஒரு முறை, அதே வாய்க்காலில் இரண்டாம் முறை. வளைவின் நடுவில் உளியை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்தால் கோடு அங்கே தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். தடித்து மெலியும் அந்த ஓட்டம் மெஷினில் வராது.

வழுக்கினால்

வழுக்கும். லேசான கீறல் என்றால், மழமழப்பான எஃகுக் கம்பியை எண்ணெய் தொட்டு அதன் மேல் உரசி உரசி உலோகத்தை உள்ளே தள்ளிவிட்டு, உப்புத்தாளால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் பரப்பிச் சுரண்டாவிட்டால் அந்த இடம் குழியாகத் தெரியும்.

மூன்றாவது வழி பட்டறை வழி. அத்தையின் பித்தளைச் சொம்பில் ‘மீனாட்சி’ என்று வெட்டிக்கொண்டு வந்தவன், கடைசிச் ‘சி’யின் கொக்கியில் வழுக்கி ஒரு விரற்கடைக்குக் கோடு இழுத்துவிட்டேன். முகம் செத்துப்போய் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் திட்டவில்லை. சொம்பை வாங்கி, அந்தக் கோட்டையே காம்பாக்கி இரண்டு இலையை வெட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அத்தைக்கு அந்த இலைதான் ரொம்பப் பிடித்தது. இன்னொரு சொம்புக்கும் அதே இலை போடச் சொன்னார், அதைப் போட எனக்கு நாலு மாசம் ஆனது.

பாத்திரத்துக்குப் போகும்போது

மெல்லிசான பாத்திரத்தைத் தள்ளினால் உள்ளே அமுங்கும். வெட்டும் இடத்துக்கு உட்பக்கத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். சொம்புக்குள் ஈர மணலை இறுக்கி நிரப்பி வாயைத் துணியால் கட்டிவிடுவது எனக்குப் பழக்கம். அதை மணல் மூட்டையின் மேல் படுக்கவைத்தால் உருளாது. வளைந்த பரப்பில் உளியின் கோணம் நகர நகர மாறும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் சொம்பை உருட்டி, வெட்டும் இடம் உச்சியில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பேரைக் காகிதத்தில் எழுதி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுக்க வேண்டும். இனிஷியலை விட்டுவிட்டு வெட்டியபின் கண்டுபிடித்தால் முன்னால் இடம் இருக்காது. உளியை வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் வாய்விட்டு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ‘ழ’வா ‘ள’வா, ‘ஸ்ரீ’ உண்டா இல்லையா, எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பித்தளையை வாரத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பார்கள். கால் மில்லிமீட்டராவது இறங்கியிருந்தால்தான் பேர் பேத்தி காலம்வரை நிற்கும். வெட்டி முடித்ததும் விரலால் தடவிப் பாருங்கள், பிசிறு இருந்தால் 1200 உப்புத்தாளால் மேலோடு ஒரு இழுப்பு. பூஜைச் சாமானில் எழுத்து கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்டால், விளக்குக் கரியைத் தேன்மெழுகில் குழைத்து இளஞ்சூட்டில் பள்ளத்தில் தேய்த்து, மேலே துணியால் துடைத்துவிடலாம். சோறு குழம்பு புழங்கும் பாத்திரத்தில் அதெல்லாம் வேண்டாம். பள்ளத்தை அப்படியே விட்டு, சோப்பும் பல் பிரஷும் போட்டுக் கழுவி, துடைத்துக் கொடுத்துவிடுங்கள்.